பெயர்த் தடம்: குணாளன்

நற்குணங்கள் உடையவன் என்ற பொருளில் தமிழர் ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர் குணாளன். மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் இந்தப் பெயர் விளையாட்டுத் திடலில் இரண்டு முறை பேர் வாங்கியிருக்கிறது. முதலாமவர் சிங்கப்பூர் ஓட்டக்காரர் சி. குணாளன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2001இல்தான் யு. கே. ஷியாம் 10.37 விநாடியில் முறியடித்தார். நூறில் ஒரு பங்கு விநாடியைக் குறைக்க 33 ஆண்டு பிடித்தது. இரண்டாமவர் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் 1986இல் பிறந்த கால்பந்து வீரர் எஸ். குணாளன்.

பிரிட்டிஷாருக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். பகாவ் வட்டாரத்தில் அப்படிப்பட்ட பெயர் மண்ணுக்கே ஏறிவிட்டதும் உண்டு: கெடிஸ் தோட்டத்தின் பெயர் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்தான். அங்குள்ள தமிழ்ப்பள்ளியும் அதையே தாங்கி நிற்கிறது. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய தமிழருக்கோ தகப்பன் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டும். எஸ். என்பது சுப்ரமணியம், குணாளனின் தந்தை. குணாளனின் பிள்ளைக்கு அந்த எஸ். போய் முதலெழுத்தாகக் கே. வந்து நிற்கும். அடையாள அட்டையில் இரு பெயருக்கும் நடுவே மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாகி' என்ற மலாய்ச் சொல்லின் சுருக்கம் விழுகிறது. பெண்ணுக்கு, மகள் என்ற பொருளில், 'அனாக் பெரெம்புவான்'. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் கிராணி (எழுத்தர்) பேர் கூப்பிடும்போது ஒரே லயத்தில் (குடியிருப்பு வரிசையில்) இரண்டு முனியாண்டி இருந்தால், ஆளைப் பிரித்துக் காட்டியதும் தகப்பன் பெயர்தான். வெளிநாட்டுப் படிவங்கள் இந்த வழக்கத்தைப் புரிந்துகொள்வதில்லை. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பாவைப் போட்டு, மகனை அப்பா பெயரால் கூப்பிடுகின்றன.

ரோமன் எழுத்தில் இந்தப் பெயருக்கு ஒரே வடிவம் கிடையாது. சிங்கப்பூர்க்காரர் பெயர் 'குணலன்' என்று படிக்கும்படி இருக்கிறது; பகாவ்காரர் பெயரில் நடுவே ஓர் 'என்' கூடி 'குணன்லன்' ஆகிவிட்டது. தமிழில் எழுதினால் இருவரும் குணாளனே. மலேசியத் தமிழர் பலருக்குப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

வலப்பக்க ஓரத்தில் வேகமாக ஏறி ஆடியவர் எஸ். குணாளன், பிற்காலத்தில் வலப்பக்கத் தற்காப்புக்கும் இறங்கினார். 2009இல் நெகிரி செம்பிலான் இறுதி ஆட்டத்தில் கிளந்தானை 3–1 என வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அணியில் இருந்தார். 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசிய அணி, இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4–2 என இந்தோனேசியாவை வீழ்த்தி முதன்முறையாகத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியிலும் அவர் ஆடினார். பிறகு சிலாங்கூர், அதன்பின் ஜொகூர் டாருல் தாக்சிம். 2015இல் ஜொகூர் அணி ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றது, அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி அதுதான்.

(தொடரும்)