டேங்கர் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள்

கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களில் ஒன்பதுக்குக் கடற்கரை உண்டு. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் கிடையாது. தூத்துக்குடியிலோ கொல்லத்திலோ ஒரு பையன் கப்பலுக்குப் போகிறேன் என்று சொன்னால், ஏற்கெனவே போய்வந்த மாமனோ பக்கத்து வீட்டு அண்ணனோ நாலு கேள்வி கேட்பார்: எந்தக் கம்பெனி, எந்த நாட்டுக் கொடி, யார் மூலமாக? பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் அப்படிக் கேட்க ஆள் கிடைப்பது அரிது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் அதைவிட அரிது. அங்கே கப்பலைப் பற்றித் தெரிந்தவர் என்று வருகிற ஒரே ஆள் ஏஜென்டுதான். பணம் வாங்குகிறவரே விவரம் சொல்கிறவராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று இந்த மலைக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த கங்காணிகளைப் பார்த்த மலை இது. இன்றைய ஏஜென்ட் முன்பணத்தை நம்மிடமே வாங்கிக்கொள்கிறார்.

அவர் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "டேங்கர்ல சம்பளம் ஜாஸ்தி தம்பி. ஒரு சின்ன கோர்ஸ், ஒரு சி.டி.சி. புக். மிச்சத்த நான் பாத்துக்கறேன்." இதில் பாதி உண்மை. மற்றச் சரக்குக் கப்பல்களைவிட எண்ணெய்க் கப்பலில் பொதுவாகச் சம்பளம் கூடுதல்தான். அடிப்படைப் பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும் என்பதும் சரி. பொய் இருப்பது அந்த "மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பதில்.

முதலில் இந்தப் பயிற்சி எதற்கு என்று பார்ப்போம். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ், காவல்பணி பற்றிய 1978-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தை மாலுமிகள் சுருக்கமாக எஸ்.டி.சி.டபிள்யூ. என்பார்கள். எண்ணெய், ரசாயன டேங்கர்களில் சரக்கைக் கையாளும் வேலையில் இருக்கிற எவரும், அதிகாரியானாலும் சாதாரண டெக் ஆளானாலும், அடிப்படை டேங்கர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு மேல் உயர்நிலைச் சான்றிதழ் ஒன்று உண்டு. கேப்டன், சீஃப் ஆபீசர், சீஃப் இன்ஜினீயர், செகண்ட் இன்ஜினீயர் ஆகியோருக்கும், ஏற்றி இறக்குவதற்கும் தொட்டி கழுவுவதற்கும் நேரடிப் பொறுப்பேற்கிறவர்களுக்கும் உரியது அது. வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் அது கிடைக்காது. எண்ணெய்க் கப்பலில் குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது ஒரு மாதம் உபரி ஆளாகக் கப்பலில் இருந்து, மூன்று தடவை ஏற்றுவதிலும் மூன்று தடவை இறக்குவதிலும் பங்கெடுத்திருக்க வேண்டும்.

ஒரு ஏஜென்டைத் தராசில் வைக்க இது ஒன்றே போதும். கடலையே பார்த்திராத பையனுக்கு "அட்வான்ஸ்டு டேங்கர் சர்டிபிகேட்டும் சேர்த்து வாங்கித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டாம். எழுந்து வந்துவிடலாம்.

இந்த ஏமாற்றுகள் செய்தித்தாளில் 'வேலை மோசடி' என்று நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. போனது பணம் மட்டும்தான் என்பதுபோல. எனக்கு அதில் உடன்பாடில்லை. போலிச் சான்றிதழோடு ஏறுகிறவன் தன் உயிரையும், கூட இருக்கும் இருபது இருபத்தைந்து பேரின் உயிரையும் பணயம் வைத்து ஏறுகிறான். ஏன் என்று தெரிய, அந்தத் தொட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

எண்ணெய் திரவமாகத் தீப்பற்றுவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் பற்றுகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் 1 விழுக்காட்டுக்கும் 10 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்கும்போது ஒரு பொறி போதும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் பற்றாது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தாவது இதனால்தான். 1969 டிசம்பரில் சில வார இடைவெளியில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் VII என்ற மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்தன. மூன்றுமே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவை. சீறிப் பாய்ந்த தண்ணீர்த் தாரையே நிலைமின்சாரத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது பிறகு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. தீயை அணைக்கும் தண்ணீரே பொறி ஆகும் என்று அதற்கு முன் யார் நினைத்திருப்பார்கள்?

அதன் பிறகுதான், தொட்டியின் காலியிடத்தில் ஆக்ஸிஜன் குறைந்த மந்த வாயுவை நிரப்பிவைப்பது பெரிய டேங்கர்களில் கட்டாயமானது. 2016 தொடக்கத்திலிருந்து கட்டப்படும் கப்பல்களில் 8,000 டன் சுமைத்திறன் உள்ளவற்றுக்கே இந்த விதி வந்துவிட்டது. ஆக்ஸிஜன் 11 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஆவி எரியாது; பாதுகாப்புக்காகத் தொட்டியில் 8 விழுக்காட்டைத் தாண்டவிடக்கூடாது என்பது விதி. கோர்ஸில் இதைப் படிக்காமல் தூங்கியவனுக்கு அல்லது கோர்ஸுக்கே போகாதவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. கப்பலைத் தீயிலிருந்து காக்கும் அதே வாயு, உள்ளே இறங்கும் மனிதனைச் சில மூச்சுகளில் மயக்கி வீழ்த்திவிடும்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிணற்று வேலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. கப்பல் தொட்டியிலோ அந்த விளக்கே எமனாகிவிடும். அதனால் மீட்டர். ஆக்ஸிஜன் 21 விழுக்காடு காட்ட வேண்டும். எரியாவி, தீப்பற்றும் கீழ் எல்லையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் நாற்றம் தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துவிடும். "வாடை இல்லையே" என்று இறங்கியவர்கள் அதனால் செத்திருக்கிறார்கள். இத்தனையும் பார்த்து எழுத்தில் அனுமதிச் சீட்டு போட்ட பிறகுதான் இறங்கலாம். வாயிலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்க அடுத்தவர் மூச்சுக்கருவி இல்லாமல் குதிக்கக்கூடாது. சொல்ல எளிது, கேட்கக் கொடுமை. ஆனால் கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நம் ஊர்களில் இரண்டாவது, மூன்றாவது உடல் விழுவது இந்தப் பாசத்தால்தானே? கப்பலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்கென்றே ஒத்திகை நடத்த வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதி இருக்கிறது. கைகால் பதறும் நேரத்தில் ஒத்திகை பார்த்தவன்தான் நின்று அலாரம் அடிப்பான்.

ஆபத்து வரக் கப்பல் நடுக்கடலில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்ப்புக்கு நின்ற சாகர் பூஷண் என்ற துளையிடும் கப்பலில் வாயு கசிந்து தேங்கி வெடித்ததில் ஐந்து பேர் இறந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 3 அன்று இலங்கையின் கிழக்குக் கடலில் நியூ டயமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து பாரதீப்புக்குச் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெய் ஏற்றிவந்த கப்பல். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். ஆனால் தீ கப்பலின் பின்பகுதியோடு நின்றது; சரக்குத் தொட்டிகளுக்குள் போகவில்லை. ஆக, டேங்கர் என்றாலே சாவு என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. முறையாக நடத்தப்படும் டேங்கர், கண்ட இடத்தில் பீடி பற்றவைக்கும் பட்டாசுக் கிடங்கைவிடப் பத்திரமானது. முறை தெரியாத ஓர் ஆள் அதற்குள் வருவதுதான் பிரச்சினை.

இனி உரிமைகள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும் மாலுமியுடையது. பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டும் கோர்ஸ் கட்டணம் வேறு, அது ரசீதோடு கட்டுவது. "ஜாயினிங் சார்ஜ்", "கம்பெனிக்கு டெபாசிட்", "கேப்டனுக்குக் கொடுக்கணும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சட்டவிரோதம்தான். லயத்து வீட்டில் ஓய்வுபெற்ற அம்மாவின் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் இந்தப் பெயர்களில்தான் போகின்றன.

இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்ப, மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜி ஷிப்பிங், தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலும் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. ஏஜென்ட் காட்டும் உரிமத்தின் புகைப்படத்தை நம்பாமல், பட்டியலில் உள்ள எண்ணுக்கு நாமே போன் செய்து "இவர் உங்கள் ஆளா?" என்று கேட்க வேண்டும். பெயரைத் திருடிப் பயன்படுத்துகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை கிடைத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அது அடையாளப் புத்தகம் மட்டும்தான்.

வளைகுடாவுக்கு விசிட் விசாவில் போ, அங்கே கப்பல் ஏறிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். அப்படிப் போகிறவர் டிஜி ஷிப்பிங் பதிவில் இருக்கமாட்டார். ஆபத்து வந்தால் அவர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹீரோயிக் இதுன் டேங்கரை நினைத்துப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் எக்குவடோரியல் கினியாவில் பிடிபட்டு, பிறகு நைஜீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தக் கப்பலின் 26 பேரில் 16 பேர் இந்தியர், 8 பேர் இலங்கையர். மலையாளிகளும் இருந்தார்கள். முறையான வேலையில், முறையான சான்றிதழ்களோடு போனவர்களுக்கே வெளியே வர 2023 மே ஆகிவிட்டது. பதிவே இல்லாதவனின் கதி?

கப்பலில் ஏறுமுன்னும் ஏறிய பிறகும் கேட்க உரிமை உண்டு. வேலை ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கவும், ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் உரிமை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, வாரத்தில் 77 மணி நேரம். துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றும் நாட்களில் இது மீறப்படுவதும், ஏட்டில் மட்டும் சரியாக எழுதப்படுவதும் மாலுமிகள் அறிந்ததுதான். தூக்கமில்லாதவன் வால்வைத் தப்பாகத் திறப்பான், தொட்டி வழியும். புகார் செய்ததற்காக மாலுமியைப் பழிவாங்கக்கூடாது என்று கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமே சொல்கிறது. கப்பலுக்குள் புகார் எடுபடாவிட்டால் போய்ச்சேரும் துறைமுகத்தின் ஆய்வு அதிகாரியிடம் சொல்லலாம்.

ஏமாந்துவிட்டால்? முதலில், வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் அன்றே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல்பதிவு, யு.பி.ஐ. ரசீது, போலி நியமனக் கடிதம் எதையும் அழிக்கக்கூடாது. எல்லைப்பகுதிக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வீடு கொழிஞ்சாம்பாறையில், பணம் கொடுத்தது கோயம்புத்தூரில். வீடு குமுளியில், ஏஜென்ட் தேனியில். "இது எங்க லிமிட் இல்ல, அங்க போ" என்று இரண்டு மாநிலப் போலீசும் பந்தாடினால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்குத் தாலுகா சட்டப்பணிக் குழு இருக்கிறது.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். போலிச் சான்றிதழ் என்று தெரிந்தே அதைக் காட்டி ஏறிய பையன் ஏமாந்தவன் மட்டுமல்ல, சட்டத்தின் பார்வையில் குற்றவாளியும்கூட. சந்தேகம் வந்த உடனேயே டிஜி ஷிப்பிங்குக்கு எழுதிவிடுவது அவனுக்குப் பாதுகாப்பு.

கடைசியாக, கைவிடப்பட்ட கப்பல்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-இல் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள்; நாடுவாரியாகப் பார்த்தால் அதிகம் பேர் இந்தியர், 899 பேர். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், சாப்பாடோ தண்ணீரோ தரவில்லை என்றால், ஊருக்கு அனுப்ப மறுத்தால், அது 'கைவிடல்' என்று கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் சொல்கிறது. நாலு மாதம்வரையிலான சம்பளப் பாக்கியையும் ஊர்திரும்பும் செலவையும் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டும். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஏறிய முதல் நாளே அதைப் போனில் படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். "அடுத்த மாசம் சேத்துத் தர்றோம்" என்ற பேச்சை மூன்றாவது மாதமும் நம்ப வேண்டியதில்லை. வீட்டார் டிஜி ஷிப்பிங்குக்கும் மாலுமிகள் சங்கத்துக்கும் எழுதலாம். கப்பல் இந்தியக் கடல் எல்லைக்குள் வந்தால், 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டப்படி உயர் நீதிமன்றம் அதைப் பிடித்துவைக்கச் சொல்லலாம். கப்பல் மீதான உரிமைகளில் மாலுமியின் சம்பளமே முதல் வரிசை. ஆனால் அந்த முன்னுரிமை சம்பளம் பாக்கியான நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் நிற்கும். அதற்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்க் கப்பலைப் பிடித்திருக்க வேண்டும்.