நேரப் பட்டியலில் ஊர்ப் பெயர்கள்

தொழுகை வேளைகள் சூரியனின் நிலையைக் கொண்டு விதிக்கப்பட்டவை. எனினும் இன்று நம்மில் பலர் அவற்றைக் கைபேசியில் பார்த்தே அறிகின்றோம். ஃபஜ்ரின் வேளையைக் கைபேசி சரியாகக் காட்ட வேண்டுமாயின், அவ்வூர்க் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றது என்பதை அது அறிந்திருத்தல் வேண்டும். அதனை வழங்குவது 'நேர வலயத் தரவுத்தளம்' என்னும் பட்டியலாகும். 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய இப்பணியைப் பின்னர் பால் எகர்ட் ஒருங்கிணைத்தார்.

இப்பட்டியலில் இந்திய நேரத்தின் பெயர் 'ஆசியா/கொல்கத்தா'. தலைநகர் தில்லி இருக்கக் கொல்கத்தா ஏன் என்று பலரும் வினவுவதுண்டு. தலைநகர் என்பது இங்குத் தகுதியன்று. நாட்டின் பெயரைத் தவிர்த்து, கண்டத்தின் பெயரோடு மக்கள்தொகை மிகுந்த ஓர் ஊரின் பெயரை இணைப்பதே விதி. நாடுகள் பிரியும், இணையும், ஊர்கள் நிலைத்திருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் வடிவில் எழுதுவது மற்றொரு விதி. 2001இல் கல்கத்தா கொல்கத்தாவாயிற்று. பட்டியல் 2008இல்தான் மாறியது. உக்ரைன் தலைநகரின் 'கீவ்' என்னும் உக்ரைனிய வடிவம் 2022இல் ஏற்கப்பட்டது. பழைய கணினிகள் தடுமாறாதிருக்க முந்தைய பெயர்களும் மாற்றுப் பெயர்களாக நீடிக்கின்றன.

பூசலைத் தவிர்க்க வகுத்த இவ்விதியும் பூசலுக்குத் தப்பவில்லை. ஷின்ஜியாங்கில் அரசின் நேரம் பெய்ஜிங் நேரமே. ஆயினும் உய்குர் முஸ்லிம்கள் பலர் இரண்டு மணி பிந்திய உள்ளூர் நேரத்தைக் கைக்கொள்வர். ஆதலின் ஷாங்காயோடு உரும்சியும் தனியே இடம்பெற்றது. பாலஸ்தீனத்திற்குக் காஸா, ஹெப்ரான் என இரு பதிவுகள். 2011இல் ரமளானை முன்னிட்டு இரு பகுதிகளும் கோடை நேரத்தை நிறுத்தின. ரமளான் முடிந்ததும் மேற்குக் கரை மட்டும் அதனை மீண்டும் தொடங்கியது. அவ்வேறுபாடே ஹெப்ரானுக்குத் தனி இடம் தந்தது. ஜெரூசலமோ இஸ்ரேலின் குறியீட்டோடு பதிவாகியுள்ளது.

வழக்கிலுள்ள நேரத்தைப் பதிவதே தம் பணி, எவருடைய நில உரிமையையும் ஏற்பதன்று என்பது பட்டியலாரின் நிலைப்பாடு. நம் மரபில் ராவியின் பணியும் ஃபகீஹின் பணியும் வேறுவேறு. முன்னவர் கேட்டதை அறிவிப்பார். பின்னவர் அதிலிருந்து சட்டம் வகுப்பார். பட்டியலார் தம்மை ராவியாகவே கருதுகின்றனர். இது பெரும்பாலும் நேர்மையான நிலையே. உரும்சியின் பதிவு அதற்குச் சான்று.

ஆனால் ராவியும் ஏதேனும் ஒரு மொழியில்தான் அறிவிக்க வேண்டும். அரபியர் 'அல்கலீல்' என்றழைக்கும் ஊர் இங்கு ஹெப்ரான். 'அல்குத்ஸ்' இங்கு ஜெரூசலம். ஆங்கில வழக்கைப் பின்பற்றுவதும் ஒரு தேர்வே. அதற்கும் வரலாறு உண்டு.

ஒன்றை மறத்தலாகாது. பட்டியலில் உள்ள பெயர் கணினிக்குரிய அடையாளம் மட்டுமே. திரையில் தோன்றும் பெயரை அந்தந்த மொழியார் தனியே அமைக்கலாம். அரபு மொழி அமைப்பில் ஜெரூசலம் 'அல்குத்ஸ்' என்றே தோன்றுகின்றது. தொழுகை நேர அட்டவணைகளையும் செயலிகளையும் தமிழில் ஆக்குவோர் ஆங்கிலப் பெயர்களை அப்படியே பெயர்த்தெழுதாமல், எப்பெயரை எழுதுகின்றோம் என்று அறிந்து எழுத வேண்டும். கடிகாரத்தை ராவியிடமிருந்து பெறுவோம். பெயரை நம் மொழியில் நாமே எழுதுவோம்.