டிரக்கின் முதுகில் ஒரு வீடு

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் இழுத்துச் செல்லும் வீடுகளில் மிகப் பெரியவை ‘ஃபிப்த் வீல்’ கேம்பர்கள். படுக்கையறை, சமையலறை, குளியலறை, சோபா போட்ட கூடம் என ஒரு சிறு குடியிருப்பே அதற்குள் இருக்கும். அதன் முன்பகுதி மட்டும் மாடிபோல உயர்ந்து, பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு மேலே வந்து நிற்கும். அந்த மாடியின் அடியிலிருந்து 2 அங்குல விட்டமுள்ள ஓர் எஃகு முளை கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. அதற்குக் கிங்பின் என்று பெயர். தொட்டியின் தரையில் பொருத்தப்பட்ட ‘ஹிட்ச்’ என்ற இணைப்புக் கருவியின் தாடைகள் அந்த முளையைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். இதை வீட்டுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் விமானப் பொறியாளர் கிளென் கர்டிஸ். 1920-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ‘ஏரோகார்’ இழுவை வீட்டில், அதிர்வைத் தாங்குவதற்காக ஒரு விமானச் சக்கரத்தையே இணைப்பில் படுக்கவைத்திருந்தார்.

சாதாரண டிரெய்லர், டிரக்கின் பின்முனையில் உள்ள பந்தில் மாட்டப்படுகிறது. அந்தப் பந்து பின் அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் தள்ளி இருக்கிறது. பந்தின் மேல் 500 கிலோ அழுத்துகிறது, பந்து பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது, டிரக்கின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி முன் சக்கரங்களிலிருந்து சுமார் 160 கிலோ தூக்கப்படுகிறது. பின் சக்கரங்களின் மேல் 660 கிலோ ஏறுகிறது. முன்பக்கம் இலேசானால் ஸ்டீயரிங்கின் பிடி குறையும். பக்கவாட்டில் காற்று அடித்து டிரெய்லர் ஆடும்போதும் அதே நெம்புகோல்தான் டிரக்கின் வாலைப் பிடித்து இழுக்கிறது. ஃபிப்த் வீல் ஹிட்ச் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்கு ஐந்து சென்டிமீட்டர் வரை முன்னால் அமர்கிறது. அங்கே நெம்புகோலின் கை ஏறக்குறைய இல்லை. பெரிய லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு கடக்கும்போதுகூட இந்தக் கேம்பர்கள் அதிகம் தள்ளாடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இந்த நிதானத்துக்கு ஒரு விலை உண்டு. சாதாரண டிரெய்லர் தன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கிறது. ஃபிப்த் வீலோ 15 முதல் 25 சதவீதத்தை வைக்கிறது. டிரக்கைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன். முதலில் தீர்ந்துபோவது சுமைத் திறன்.

சுமைத் திறனை எங்கும் தேட வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். ஒரே மாடலின் இரண்டு டிரக்குகளுக்கு இந்த எண் ஒன்றாக இருக்காது. நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின், சன்ரூஃப், டீசல் இன்ஜின் என்று தொழிற்சாலையில் சேர்த்த ஒவ்வொன்றும் அதிலிருந்து கழிகிறது. எனவே விளம்பரப் புத்தகத்தில் உள்ள எண்ணைவிடக் கதவோரத்துத் தாள் நம்பத்தக்கது.

ஒரு கணக்கு. கேம்பரின் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 14,000 பவுண்டு, அதாவது சுமார் 6,350 கிலோ. அதில் 20 சதவீதம் கிங்பின்னில் இறங்குகிறது என்றால் 1,270 கிலோ. ஹிட்சின் எடை 70 கிலோ. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் சேர்ந்து 270 கிலோ. தொட்டியில் கருவிப் பெட்டியும் ஜாக்கியும் 60 கிலோ. கூட்டினால் 1,670 கிலோ டிரக்கின் மேல் ஏறியாகிவிட்டது.

அமெரிக்கர்கள் ‘அரை டன்’ என்று அழைக்கும் எஃப்-150, சில்வராடோ 1500 வகை டிரக்குகளில் சுமைத் திறன் பெரும்பாலும் 700 முதல் 900 கிலோ வரைதான் இருக்கிறது. அவை ஐந்து டன்னை இழுக்கும் என்று விளம்பரம் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஐந்து டன் ஃபிப்த் வீலை மாட்டினால் கிங்பின் மட்டுமே ஒரு டன்னை இறக்கிவிடும்; ஓட்டுநர் ஏறி அமர இடமில்லை. ‘முக்கால் டன்’ எனப்படும் எஃப்-250, 2500 வகைகளில் ஒரு பொறி இருக்கிறது. இவற்றில் பலவற்றின் மொத்த எடை உச்சவரம்பு 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. அதற்கு மேல் போனால் வாகனம் அடுத்த எடைப் பிரிவுக்குள் போய்விடும் என்பதால் அந்த வரம்பு நிலைத்துவிட்டது. பெட்ரோல் இன்ஜினைவிட டீசல் இன்ஜின் இருநூறு கிலோவுக்கும் மேல் கனமானது. உச்சவரம்பு அப்படியே இருக்க, டிரக்கின் சொந்த எடை கூடினால் சுமைத் திறன் குறையத்தானே செய்யும்? பெரிய கேபினும் டீசலும் கொண்ட முக்கால் டன் டிரக் ஒன்றுக்கு 1,100 கிலோ அளவே மிஞ்சுவதுண்டு. மேலே போட்ட கணக்கில் அது அரை டன்னுக்கும் மேல் தோற்றுப்போகிறது. அதிகப் பணம் கொடுத்து வலிமையான இன்ஜினை வாங்கியவர் குறைவான சுமையை ஏற்ற வேண்டியிருப்பது இந்தச் சந்தையின் வேடிக்கை.

‘ஒரு டன்’ டிரக்குகளான எஃப்-350, 3500 வகைகளே இந்தக் கேம்பருக்குப் பொருத்தம். பின்னால் இரண்டே டயர் உள்ளவற்றில் சுமைத் திறன் 1,700 முதல் 1,900 கிலோ வரை கிடைக்கும். கணக்கு மயிரிழையில் தேறுகிறது. ஒவ்வொரு பக்கமும் இரட்டை டயராக மொத்தம் நான்கு டயர் கொண்ட ‘டூவலி’யில் அது இரண்டேகால் டன்னைத் தாண்டும். ஏழு டன்னுக்கு மேற்பட்ட கேம்பருக்கு டூவலியைத் தவிர வேறு யோசனை தேவையில்லை. நகரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது, டயர் மாற்றும்போது ஆறு வாங்க வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அவை அசௌகரியங்கள்தான், ஆபத்துகள் அல்ல.

டயரையும் தனியே பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 125 என்ற சுமைக் குறியீடு உள்ள டயர், உரிய காற்றழுத்தத்தில் 1,650 கிலோ தாங்கும். இரண்டு சேர்ந்தால் 3,300 கிலோ. வெறும் டிரக்கின் பின் அச்சிலேயே ஒன்றரை டன் அளவுக்கு எடை இருப்பதை மறந்துவிட்டுப் போடும் கணக்கு தவறாகத்தான் முடியும்.

கேம்பர் விற்பவர்கள் தரும் கிங்பின் எடையிலும் எச்சரிக்கை வேண்டும். அது காலி வீட்டின் எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், துணிமணி, பாத்திரம், 230 லிட்டர் தண்ணீர் எதுவும் அதில் சேர்வதில்லை. சாமான் அறை பெரும்பாலும் முன்பக்கம் இருப்பதால், ஏற்றும் பொருள்களில் கணிசமான பங்கு கிங்பின்னுக்கே போகிறது. உச்ச எடையில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

இழுவைத் திறன் என்ற எண்ணுக்கு நெடுங்காலம் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த முறையில் அளந்து அறிவித்தது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற தரநிலையை 2008-இல் வெளியிட்ட பிறகுதான் எண்களை ஒப்பிட முடிந்தது. அதன் கடினமான சோதனை அரிசோனாவில் உள்ள டேவிஸ் டேம் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுமையாக ஓடவிட்டு, 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றத்தில் டிரக் ஏற வேண்டும். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. டூவலிக்கு மட்டும் 56 வரை சலுகை. ஆனால் டிரக்கில் ஓட்டுநரும் ஒரு பயணியும், தலைக்கு 68 கிலோ வீதம், இருப்பதாகவே அந்தத் தரநிலை கருதுகிறது. நான்கு பேர் ஏறினால் அறிவித்த எண் அந்த அளவுக்குக் குறையும்.

ஏற்றத்தில் காற்றும் எதிராக வேலை செய்கிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்தக் குறைவுக்கு ஏற்பத் திறனை இழக்கிறது. டர்போ டீசல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

ஆனாலும் டீசலின் மதிப்பு இறக்கத்தில்தான் தெரியும். டிரக்கும் கேம்பரும் சேர்ந்து 10 டன் என்றால், 900 மீட்டர் கீழே இறங்கும்போது சுமார் 88 மெகாஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். முந்நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. அதில் பெரும்பகுதி பிரேக் தகடுகளில் போய்ச் சேர்ந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். புகைபோக்கும் பாதையை நெருக்கி இன்ஜினையே தடையாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், நவீன கனரக டீசல் பிக்கப்களில் தொழிற்சாலையிலேயே வருகிறது. மலைப் பாதையில் ஓட்டுவோருக்குக் குதிரைத் திறனைவிட இது முக்கியம். சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே போகும் குடும்பத்துக்குப் பெட்ரோல் ஒரு டன் டிரக்கே போதும். விலை குறைவு, சுமைத் திறனும் கூடுதல்.

தொட்டியின் நீளம் அடுத்த கேள்வி. கேம்பரின் அகலம் 8 அடி 6 அங்குலம் வரை இருக்கலாம். அதில் பாதி 130 சென்டிமீட்டர். கூர்மையாகத் திரும்பும்போது கேம்பரின் முன் மூலை டிரக்கின் கேபினை நோக்கி வருகிறது. ஹிட்சுக்கும் கேபினின் பின்கண்ணாடிக்கும் இடையே 140 சென்டிமீட்டர் இருந்தால் கவலை இல்லை. 8 அடித் தொட்டியில் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். ஆறரை அடித் தொட்டியில் 100 சென்டிமீட்டர் அளவே இருப்பதால், முன் மூலைகள் செதுக்கப்படாத கேம்பர் கண்ணாடியை உடைத்துவிடும். அத்தகைய டிரக்குகளுக்காகவே நகரும் ஹிட்ச் வந்தது. கையால் நெம்பி நகர்த்தும் வகையில், திரும்புவதற்கு முன் ஹிட்சைப் பின்னால் தள்ளிவிட்டு, நெடுஞ்சாலையில் ஏறுமுன் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். தானாக நகரும் வகை, டிரக் திரும்பும்போது தானே பின்னே சென்று, நேரானதும் திரும்பிவிடும். விலையும் எடையும் அதிகம். அந்த எடையும் சுமைத் திறனிலிருந்துதான் கழியும்.

ஹிட்சைப் பொருத்தும் முறைகளில், தொட்டியின் தரையைத் துளைத்து இரும்புத் தண்டவாளங்களை போல்ட் போடுவது பழையது. இப்போதைய கனரக டிரக்குகளில் சட்டத்தோடு இணைந்த குழிகளைத் தொழிற்சாலையிலேயே அமைத்துத் தருகிறார்கள். ஹிட்சின் கால்களை அவற்றில் இறக்கித் திருகினால் போதும், கழற்றிவிட்டால் தொட்டி சமதரையாகிவிடும். புதிய டிரக் வாங்குவோர் இந்த வசதியைக் கேட்டு வாங்குவது நல்லது. வழக்கமான எஃகு ஹிட்சுகள் 16,000, 20,000, 25,000 பவுண்டு என்ற தரங்களில் கிடைக்கின்றன. தலை முன்பின்னாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் சாயக்கூடியதாக இருந்தால் மேடுபள்ளத்தில் மாட்டுவது எளிது. கிங்பின்னை இரு பக்கமும் அணைக்கும் இரட்டைத் தாடை, இலேசாகத் தட்டும் ஒற்றைத் தாடையைவிட அமைதியாக ஓடும். இருபது கிலோவுக்கும் குறைவான அலுமினிய ஹிட்சுகளும் உண்டு. அவை தாடைக்குப் பதில் பந்தைப் பயன்படுத்துபவை. கிங்பின்னுக்குக் கீழே நீண்ட குழாயை மாட்டி, தொட்டித் தரையில் உள்ள பந்தோடு இணைக்கும் அடாப்டர்கள் மலிவானவை. ஆனால் அந்த நீளம் நெம்புகோலாகி கேம்பரின் சட்டத்தை முறுக்குகிறது. கேம்பர் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

எவ்வளவு நல்ல ஹிட்சானாலும் தவறாக மாட்டினால் கழன்றுவிடும். கேம்பரைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்து டிரக்கைப் பின்னே கொண்டுவந்தால், கிங்பின் தாடைக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். சிறிது தூரம் ஓடிய பின் அது நழுவி, கேம்பரின் மூக்கு தொட்டியின் பக்கச் சுவர்கள்மேல் விழும். பூட்டியதும் தாடையை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு கேம்பரின் தாங்குகால்களை முழுதாக ஏற்றாமல், கேம்பரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலைதான். அதேபோல் கேம்பர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே இயக்கும் கம்பியையும் அதற்கான பேட்டரியையும் சோதிக்க வேண்டும்.

மாட்டிய பிறகு கேம்பர் மட்டமாக நிற்க வேண்டும்; தொட்டிச் சுவருக்கும் அதன் அடிப்பகுதிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. இன்றைய நான்கு சக்கர இயக்க டிரக்குகள் உயரமானவை என்பதால் மூக்கு தூக்கி நிற்பது சகஜம். அப்போது கேம்பரின் பின் அச்சு கூடுதல் பாரம் சுமந்து டயர் வெடிக்கிறது. ஹிட்சின் உயரத்தை மாற்றுவதே முதல் தீர்வு.

கணக்கு சரியா என்று பார்க்க லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைகள் போதும். டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, கேம்பரின் அச்சுகள் மூன்றையும் அவை தனித்தனியே காட்டுகின்றன. சாமான்களோடு ஒருமுறை, கேம்பரைக் கழற்றிவிட்டு அதே ஆட்களோடு ஒருமுறை டிரக்கை நிறுத்தினால், இரண்டிலும் டிரக் காட்டும் எடைகளின் வித்தியாசமே உண்மையான கிங்பின் எடை.

ஓட்டுநர் உரிமம் கடைசியாக நினைவுக்கு வந்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது. கலிபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிப்த் வீலுக்கு வணிகம் சாராத ‘ஏ’ வகுப்பு உரிமம் வேண்டும். 10,000-க்கும் 15,000-க்கும் இடைப்பட்டவற்றுக்குச் சாதாரண உரிமத்தில் தனி ஒப்புதல் தேவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை வீட்டுக்குத் தனி ஒப்புதல் உண்டு. டொரன்டோவும் அதைச் சுற்றியுள்ள நகரங்களும் அடங்கிய, தமிழர் மிகுந்து வாழும் ஒன்டாரியோவில் சாதாரண ‘ஜி’ உரிமம் உள்ளவர் இழுக்கும் வண்டி 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது. நடுத்தர ஃபிப்த் வீல் கேம்பர்களில் பலவும் அந்த வரம்பை மீறுபவைதான்.