செவ்ர் பீங்கான்

செவ்ர் பீங்கான் என்பது பிரான்சு நாட்டில், பாரிசு நகரை அடுத்த செவ்ர் என்னும் ஊரிலுள்ள அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படும் அலங்காரப் பீங்கான் ஆகும். பூச்சாடிகள், உணவுக்கலங்கள், மெருகிடாத வெண்சிலைகள் ஆகியன இவற்றுள் புகழ்பெற்றவை.

வரலாறு

இத்தொழிற்சாலை 1740 இல் வின்சென் கோட்டையில் தொடங்கப்பட்டு, 1756 இல் செவ்ருக்கு மாற்றப்பட்டது. 1759 இல் மன்னர் பதினைந்தாம் லூயி இதனைத் தன் உடைமையாக்கிக் கொண்டார். 1800 முதல் 1847 வரை இயக்குநராக இருந்த அலெக்சாந்தர் பிரோஞ்யார், 1824 இல் இங்கு ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார்.

மென்பீங்கானும் வன்பீங்கானும்

சீனப் பீங்கானின் அடிப்படைப் பொருள் கயோலின் என்னும் வெண்களிமண் ஆகும். செருமனியின் மைசன் தொழிற்சாலை 1710 முதல் இதனைப் பயன்படுத்தியது. பிரான்சில் அக்களிமண் கிடைக்காததால், மணலையும் உப்புகளையும் உருக்கிப் பெற்ற கண்ணாடிப் பொருளை அரைத்து, சுண்ணாம்பு கலந்த மண்ணுடன் சேர்த்து மென்பீங்கான் செய்தனர். இக்கலவையை வனைவது கடினம்; சூளையில் பல கலங்கள் உருக்குலைந்தன. ஆயினும் இதன் ஈய மெருகில் வண்ணங்கள் உள்ளிறங்கிக் கலந்ததால், வன்பீங்கானில் கிடைக்காத ஆழமும் மென்மையும் கிடைத்தன. 1753 இல் உருவான வான்நீல நிறம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செவ்ரின் புகழுக்கு அடிப்படை இக்குறைபாடே எனலாம்.

1768 இல் லிமோஜ் நகருக்குத் தெற்கே கயோலின் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 1400 பாகை செல்சியசில் சுடப்படும் வன்பீங்கான் அதன்பின் செவ்ரிலும் செய்யப்பட்டது. 1804 இல் மென்பீங்கான் உற்பத்தி கைவிடப்பட்டது.

அடையாளக் குறி

பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய கலங்களின் அடியில், ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு 'எல்' எழுத்துகள் காணப்படும். அவற்றின் நடுவிலுள்ள எழுத்து செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். ஓவியர்களும் தத்தம் குறிகளை இட்டனர். பிரோஞ்யார் காலத்தில், ஓவியம் தீட்டப்படாத பழைய வெண்கலங்கள் விற்கப்பட்டன. அவற்றை வாங்கிய பிறர் ஓவியம் தீட்டிப் பழம்பொருள்களாக விற்றனர். எனவே களிமண்ணும் குறியும் உண்மையானவையாக இருந்தாலும், ஓவியம் பிற்காலத்ததாக இருக்கக்கூடும்.

திப்பு சுல்தானின் தூதுக்குழு

1787 இல் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தூதர் மூவர் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கப்பலேறினர். அன்று சேலம், திண்டுக்கல் பகுதிகளும் திப்புவின் ஆட்சியில் இருந்தன. 1788 ஆகத்து மாதத்தில் பதினாறாம் லூயி அவர்களை வெர்சாய் அரண்மனையில் வரவேற்றார். அவர்கள் செவ்ர் தொழிற்சாலையையும் பார்வையிட்டனர். ஆங்கிலேயருக்கு எதிராகத் திப்பு நாடிய படையுதவி கிட்டவில்லை. பிரெஞ்சுக் கருவூலம் அப்போது வறண்டிருந்தது. மாறாக, செவ்ர் பீங்கான்கள் பரிசாக வழங்கப்பட்டன.