ஓட்டும் கரமும் ஒலிக்கும் கருவியும்



திருகோணமலைத் துறைமுகத்தினுள் பெரிய கப்பலொன்று நுழைவதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். இயற்கைத் துறைமுகங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றெனப் போற்றப்படுவது நம் துறைமுகம். ஆயினும், ஆழ்கடல்களைக் கடந்து வந்த கப்பல் தலைவர்கூடத் தம் அனுபவத்தை மட்டும் நம்பி உள்ளே வந்துவிடுவதில்லை. இவ்விடத்தின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த துறைமுக வழிகாட்டி ஒருவர் கப்பலில் ஏறி அவர் அருகே நிற்கிறார். அவ்வேளையில் சுக்கானருகே வீண்பேச்சுக்கு இடமில்லை. கண்கள் நீர்ப்பரப்பின் மேல். செவிகள் கட்டளையின் மேல்.

அதே துறைமுகத்தின் கரையோரமாக, அதே வேளையில், ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் விரைகின்றான். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைத்தொலைபேசியைச் செருகிக்கொண்டு யாருடனோ பேசிச் சிரிக்கின்றான். அவனுக்குப் பின்னால் வரும் முச்சக்கர வண்டியின் சாரதி ஒரு கையால் வண்டியைத் திருப்புகிறார். மறு கையால் திரையைத் தடவுகிறார். வண்டியின் முகப்பில் செபமாலை ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. உள்ளே பாடசாலைப் பிள்ளைகள் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர்.

இவர்களைச் சுட்டிக்காட்ட எனக்குத் தகுதி உண்டா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் நானும் அவ்வாறு செய்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நோயில்பூசுதல் அருட்சாதனம் வழங்குவதற்காக மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தேன். ஒரு பையில் புனித எண்ணெய்; மறு பையில் தொலைபேசி. தொலைபேசி ஒலித்தது. நோயாளியின் வீட்டாராக இருக்கலாம் என்றெண்ணி எடுத்தேன். அழைத்தவர் வேறொருவர், வரும் ஞாயிறன்று செபக்கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் பதில் கூறிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், தம் பிள்ளையைச் சைக்கிளில் அமர்த்தி உருட்டிச் சென்ற ஒரு தந்தையை நான் காணவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன; ஆயினும் காணவில்லை. கடைசி நொடியில் வண்டியைத் திருப்பி வீதியோர மணலில் விழுந்தேன்.

ஓடி வந்து என்னைத் தூக்கியவர் அந்தத் தந்தையே. “சுவாமி, உங்களுக்கு ஒன்றுமில்லையே?” என்றார். அவர் பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் கையில் சிராய்ப்பு மட்டுமே. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன் (லூக் 10:29-37). அந்த வீதியில் நான் நல்ல சமாரியன் என்று எண்ணியே சென்றேன். உண்மையில், வழிப்போக்கனை வீழ்த்திய கள்வரின் இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். சமாரியனாய் நின்றவரோ, என்னால் வீழ்த்தப்பட இருந்தவர்.

அன்பர்களே, சில நொடிகள்தாமே என்று நாம் எண்ணுகிறோம். அந்த நொடிகளைச் சற்று அளந்து பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீற்றரைக் கடந்துவிடுகிறது. குறுஞ்செய்தி ஒன்றைப் படிக்க ஐந்து நொடிகள் எடுத்தால், அதற்குள் வண்டி 83 மீற்றர் ஓடியிருக்கும். 2009-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட நம் கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அப்பாலத்தின் ஐந்தில் ஒரு பகுதிக்கும் மேலான தூரத்தைக் கண்களை மூடிக்கொண்டு ஓட்டிக் கடக்க நம்மில் எவரேனும் துணிவோமா? புள்ளிமான்கள் தம் விருப்பம்போல் வீதியில் உலவும் நகரம் நம்முடையது. கந்தளாயைத் தாண்டி ஹபரணை நோக்கிச் சென்றால், இருளில் யானை நிற்கக்கூடிய வீதி. இங்கு ஒரு நொடியும் சிறியதன்று.

காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு, கைகளை விடாமல் பேசினால் ஆபத்தில்லை என்று சிலர் கூறுவர். வாகனம் ஓட்டியபடி தொலைபேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானதன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் எடுத்துரைக்கிறது. காரணம் எளிது. தவறுவது கையன்று, கவனம். அருகில் அமர்ந்திருப்பவர் வீதியில் இடர் ஒன்றைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார். தொலைவிலிருந்து பேசுபவருக்கு நம் வீதி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். நம் மனமும் அவருடனேயே இருக்கும்.

2018 ஏப்ரல் 26 அன்று இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலுள்ள குஷிநகர் மாவட்டத்தில், காவலற்ற கடவையொன்றைக் கடந்த பாடசாலை வான் மீது புகையிரதம் மோதியது. 13 பிள்ளைகள் மாண்டனர். சாரதி காதில் இயர்போன் அணிந்திருந்ததாக முதற்கட்ட விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2013 ஜூலை 24 அன்று, திருத்தூதர் புனித யாக்கோபின் திருநாளுக்கு முந்திய மாலை. அவர் திருத்தலம் அமைந்துள்ள ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரை நெருங்கிய புகையிரதம், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவை 150 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் அடைந்து தடம்புரண்டது. ஏறத்தாழ 80 பேர் உயிரிழந்தனர். நகரின் திருவிழாக் கொண்டாட்டங்கள் கைவிடப்பட்டன. விபத்துக்குச் சில நொடிகள் முன்வரை சாரதி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அது வீண் அழைப்பன்று. அதே புகையிரதத்தின் நடத்துநர் பணி தொடர்பாக எடுத்த அழைப்பு. பாதையின் பாதுகாப்பு ஏற்பாட்டிலும் குறை இருந்தது. ஆயினும், நல்ல காரணத்துக்காக எடுத்த அழைப்பும் கவனத்தைக் கவர்ந்துவிடும் என்பதற்கு இது சான்று. என் பையிலிருந்த புனித எண்ணெயும் அன்று என் கவனத்தைக் காக்கவில்லையே!

இத்தகைய துயரங்கள் நேரும்போது “விதி” என்கிறோம்; சில வேளைகளில் “ஆண்டவரின் சித்தம்” என்றும் கூறிவிடுகிறோம். திருவிவிலியம் அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. இணைச்சட்ட நூலில் இரண்டு நிலைமைகள் கூறப்படுகின்றன. மரம் வெட்டுபவனின் கோடரி காம்பிலிருந்து கழன்று அயலான்மேல் விழுந்து அவன் இறந்தால், வெட்டியவனுக்கு அடைக்கல நகர் உண்டு (இச 19:4-5). அவன் எண்ணாதது நேர்ந்தது. ஆனால், புது வீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவர் விழுந்து இறந்தால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் (இச 22:8). அவன் எவரையும் தள்ளிவிடவில்லை. ஆபத்தை முன்னரே அறியக்கூடியவனாய் இருந்தும் தடுக்கவில்லை, அதுவே பழி.

ஓட்டும்போது தொலைபேசியை எடுப்பது இவற்றுள் எதைச் சாரும்? கழன்ற கோடரியையா, கட்டாமல் விட்ட சுவரையா? விடையை உங்கள் மனச்சான்றிடமே விட்டுவிடுகிறேன்.

திருச்சபையும் இதைச் சிறு காரியமாகக் கருதவில்லை. வெறியினாலோ வேக மோகத்தினாலோ வீதியிலும் கடலிலும் வானிலும் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாவர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2290) ஐந்தாம் கட்டளையின் விளக்கத்தில் கற்பிக்கின்றது. 2007 ஜூன் 19 அன்று, குடிபெயர்வோர் மற்றும் பயணிகளுக்கான அன்றைய திருப்பீட அவை, வீதியில் மேய்ப்புப்பணி பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, சாரதிகளுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் அதில் தந்தது. கொலை செய்யாதிருத்தல் முதலாவது. வீதியில் வலுவற்றவரைப் பாதுகாத்தல் என்பதும் அவற்றுள் ஒன்று. என் வீதியில் அந்த வலுவற்றவர், சைக்கிளில் அமர்ந்திருந்த ஒரு பிள்ளை.

பெற்றோரே, குடும்பத்தவரே, இவ்விடத்தில் உங்களுக்கும் ஒரு சொல். ஓட்டுபவர் மட்டுமா பொறுப்பாளி? அழைப்பவருக்கும் பங்குண்டு. “எங்கே வருகிறாய்? ஏன் இன்னும் வரவில்லை?” என்று கொழும்பிலிருந்து திரும்பும் மகனுக்கு ஐந்து முறை அழைக்கும் தாயின் அன்பை நான் அறிவேன். ஆனால் அம்மா, அவன் எடுக்காதிருப்பதே உங்கள் பிள்ளை பத்திரமாக ஓட்டுகிறான் என்பதற்கு அடையாளமாய் இருக்கலாம். அழைத்ததும், “ஓட்டிக்கொண்டா இருக்கிறாய்?” என்று முதலில் கேளுங்கள், ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிச் சாரதியிடமும், பயணம் செய்யும் பேருந்தின் சாரதியிடமும், “தம்பி, பேசி முடித்துவிட்டு ஓட்டுங்கள்” என்று கனிவோடு சொல்லத் தயங்காதீர்கள். அது தலையீடன்று, அயலான்மீது கொள்ளும் அன்பு.

ஓட்டுபவர்களே, நம் நாட்டுச் சட்டமும் இதைக் குற்றமென்கிறது. ஆயினும் பொலிஸாருக்கு அஞ்சி மட்டும் இதை விட்டுவிடாதீர்கள். சந்தியில் அவர்கள் இல்லாத நாளில் அந்த அச்சமும் இல்லாமற்போகும். வண்டியை இயக்குமுன் சிலுவை அடையாளம் வரையும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வேளையிலேயே தொலைபேசியின் ஒலியை அடக்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். அவசரமெனில் வீதியோரம் நிறுத்திப் பேசுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, வீதியில் நடந்துகொண்ட முறையையும் ஆராய்ந்து பாருங்கள். எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பதால் பாவமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நேராமற்போனது இறைவனின் இரக்கம்.

அந்தத் தந்தையை அதன்பின் ஒருமுறை சந்தையில் கண்டேன். பிள்ளையும் உடனிருந்தது. “சுவாமி, இப்போது கை சுகமா?” என்று கேட்டார். சுகம் என்றேன். அதற்குமேல் பேச நாவெழவில்லை. அன்றிலிருந்து என் வண்டி ஓடும்போது என் தொலைபேசி பேசுவதில்லை. அன்று நான் எண்ணெய் பூசச் சென்ற முதியவர் எனக்காகக் காத்திருந்தார். சிராய்த்த கையோடு சற்றுத் தாமதித்துத்தான் சென்றேன். அவர் புன்னகையோடு என்னை வரவேற்றார். ஆண்டவரும் நமக்காகக் காத்திருப்பார். அழைத்தவர்களும் காத்திருப்பார்கள். வீதியைக் கடக்கும் பிள்ளையால் மட்டும் காத்திருக்க இயலாது.

செபம்: வழியும் துணையுமான ஆண்டவரே, எம் கைகளில் நீர் ஒப்படைத்த உயிர்களை எண்ணி ஓட்டும் மனத்தை எமக்குத் தாரும். எம் கண்களை விழிப்பாயும், எம் இதயத்தைப் பொறுமையாயும் காத்தருளும். எம்மை எதிர்பார்த்து இல்லங்களில் காத்திருப்போரிடம் எம்மையும், எம் வீதியில் வருவோர் அனைவரையும் நலமே சேர்ப்பீராக. ஆமென்.