உதவித்தொகையும் வரித்தள்ளுபடியும்: பழனிமலைக் குடும்பங்களை முன்வைத்து

அரசு ஒரு குடும்பத்துக்குப் பணத்தால் உதவும் வழிகள் இரண்டு. கருவூலத்திலிருந்து தொகையை எடுத்துக் குடும்பத்தின் கையிலோ வங்கிக் கணக்கிலோ கொடுப்பது ஒன்று. குடும்பம் கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தள்ளிவிடுவது மற்றொன்று. பொதுப்பேச்சில் முதல் வழியில் வருவது மட்டுமே அரசு கொடுக்கும் பணமாக எண்ணப்படுகிறது. தள்ளிவிடப்பட்ட வரியும் கருவூலத்துக்கு வராமற்போன பொதுப்பணமே என்பது எளிதில் மறந்துபோகிறது. பழனிமலைத் தொடரில், கொடைக்கானல் நகரில் மாதச் சம்பளம் வாங்குவோரும், மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஊர்களில் பூண்டும் கேரட்டும் விளைவிப்போரும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிரிடுவோரும், காட்டை ஒட்டி வாழும் பளியர் பழங்குடிக் குடும்பங்களும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியிருப்பதால், இவ்விரு வழிகளும் யாரிடம் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

வரித்தள்ளுபடி என்பது கணக்கிட்ட வரியிலிருந்து கழிக்கப்படும் தொகை. புதிய வருமான வரிமுறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; அடுத்த 4 லட்சத்துக்கு 5 விழுக்காடும் அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 விழுக்காடும் என்ற கணக்கில், 12 லட்சம் வருமானமுள்ளவருக்கு 60,000 ரூபாய் வரி வருகிறது; தள்ளுபடியின் உச்சவரம்பும் 60,000 ரூபாயாக இருப்பதால் அவர் கட்டவேண்டியது எதுவுமில்லை. 10 லட்சம் வருமானமுள்ளவருக்கு வரி 40,000 என்றால் தள்ளுபடியும் 40,000தான். மீதி 20,000 அவர் கைக்கு வராது. இதனால் வரியே கட்டாத அளவுக்கு வருமானம் குறைந்த குடும்பத்துக்குத் தள்ளுபடியால் ஒரு காசுப் பயனும் இல்லை. அமெரிக்காவில் 1975 முதல் நடப்பிலுள்ள உழைப்பு வருமான வரிச்சலுகை, வரியைவிடச் சலுகை மிகுந்தால் மிகுந்த பணத்தையும் குடும்பத்துக்கே கொடுத்துவிடுகிறது. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லாததால், அந்த இடத்தை நேரடி உதவித்தொகைதான் நிரப்பவேண்டியிருக்கிறது.

அவ்வகையில் தமிழ்நாட்டில் மிகப் பெரியது, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத்தொகை. மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது, 12 லட்சம் வருமானமுள்ளவருக்கு ஒரே ஆண்டில் தள்ளுபடியாகும் வரிக்குச் சமம் என்பதைப் படிப்பவர்கள் நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். முன்னதற்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் உண்டு. மின்வாரியம் இரு மாதத்துக்கொருமுறை எடுக்கும் கணக்கில் இது 600 யூனிட். குளிர் மிகுந்த கொடைக்கானலில் வெந்நீருக்கே மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சமவெளிக்கும் மலைக்கும் ஒரே அளவுகோல் என்பது நியாயமான அளவுகோல் ஆகாது.

நிலத்தை அடிப்படையாகக் கொண்ட உதவிகளில் இடர் இன்னும் கூடுகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கும் பிரதமரின் விவசாயி நிதித் திட்டம், 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் பதிவாகியிருந்தது என்பதையே அடிப்படையாகக் கொள்கிறது. பிறகு வாரிசு வழியில் பெயர் மாறினால் மட்டுமே புதியவருக்கு வழியுண்டு. குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும், தாத்தா பெயரிலேயே பட்டாவை வைத்திருக்கும் பேரனுக்கும் இதில் இடமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலவுரிமை பெற்ற பழங்குடியினர் இத்திட்டத்துக்குத் தகுதியுள்ளவர்களே. ஆனால் அந்த உரிமைப் பத்திரம் கைக்கு வந்தால்தான் தகுதி பேசும். காப்பி விவசாயிக்கு வரிப்பக்கத்தில் வேறொரு நுணுக்கம் உண்டு: பறித்த பழத்தை அப்படியே விற்றால் அது முழுக்க வேளாண் வருமானம், வருமான வரி இல்லை, தாமே பதப்படுத்தி விற்றால் 25 விழுக்காடும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 விழுக்காடும் வரிக்குட்பட்ட வருமானமாகக் கொள்ளப்படும்.

இவற்றோடு ஒப்பிடுகையில், 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு மே மாதம் 2,000, ஜூன் மாதம் 2,000 என இரு தவணைகளில் ரேஷன் கடைகளிலேயே வழங்கப்பட்ட நிவாரணம் எளிமையானது. பட்டாவோ வருமானச் சான்றோ கேட்கப்படவில்லை. குடும்ப அட்டையும் டோக்கனும் போதுமானவையாக இருந்தன. தகுதியில்லாத சிலருக்கும் பணம் போகும் என்ற குறை அதற்கு உண்டென்றாலும், தகுதியுள்ளவர் காகிதம் இல்லாமல் விடுபட்டுப்போவதைவிட அது சிறிய குறையே. வரித்தள்ளுபடி கணக்கிலேயே தானாகக் கழிந்துவிட, ஏழைக்குரிய தொகைக்கு மட்டும் இத்தனை சான்றுகள் தேவைப்படுவதும், அவற்றைத் திரட்ட மலைக்கிராமத்தார் ஒரு நாள் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்க நேர்வதும் திருத்தப்படவேண்டியவை. வருவாய்த்துறையின் முகாம்கள் குக்கிராமங்களுக்கே செல்லவேண்டும்.

அதுவரை குடும்பங்கள் தாமே கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கன்றி, ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். பணம் வரவில்லையென்றால் முதலில் பழைய வங்கிப் புத்தகங்களைப் பார்க்கவேண்டும். வைப்புத்தொகை வட்டியில் டிடிஎஸ் எனும் வரி முன்கூட்டியே பிடிக்கப்பட்டு, உண்மையில் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத முதியோர், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற குறுஞ்செய்தி வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டது. இத்தகைய காலக்கெடு கைப்பேசியைப் படிக்கத் தெரியாதவருக்குத் தெரியாமலே கடந்துவிடும். ஆகவே, படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டாரின் குறுஞ்செய்தியையும் ஒருமுறை வாங்கிப் படித்துச் சொல்ல வேண்டும்.