சேமித்த நீர் கெடுவது எப்படி?

காலையில் குழாயைத் திறக்கிறீர்கள். நீருக்குப் பதிலாக 'புஸ்' என்று காற்று வருகிறது. தெருவில் விசாரித்தால், "மோட்டார் பழுது, இன்னும் இரண்டு நாளாகும்" என்கிறார்கள். உடனே உங்கள் கண்கள் சமையலறை மூலையிலுள்ள குடங்களை நாடுகின்றன. ஒன்றில் பாதியளவு நீர் இருக்கிறது. அதைப் பிடித்தது என்றைக்கு? வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அந்நீரைக் குடிக்கலாமா?

வாலாஜாபாத்தில் வாழும் எங்களுக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. ஊரை ஒட்டிச் செல்லும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகக் கிடக்கும். ஆனால் அம்மணலின் அடியில் நீர் ஊறி நிற்கிறது. படுகையில் கிணறுகள் அமைத்து, அந்நீரை இறைத்துத்தான் காஞ்சிபுரம் முதலான ஊர்களுக்கு வழங்குகிறார்கள். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் ஊரையும் அவளூரையும் இணைக்கும் தரைப்பாலம் வெள்ளத்தில் மூழ்கியது. கிணறும் மோட்டாரும் குழாயும் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால், ஆற்றில் நீர் மிகும்போதுதான் குழாயில் நீர் நின்றுபோகும் அபாயமும் மிகுகிறது! எனவே இரண்டு மூன்று நாட்களுக்கான குடிநீரைக் கையிருப்பில் வைப்பது கோடைக்கு மட்டுமன்றி, மழைக் காலத்துக்கும் வேண்டிய ஏற்பாடாகும்.

இனி கேள்விக்கு வருவோம். பழைய சோறு புளிப்பதைப்போல நீர் தானாகப் புளிப்பதில்லை. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இணைந்த அந்த மூலக்கூறு ஓராண்டு கழித்தும் அப்படியே இருக்கும். கெடுவது நீர் அன்று. நீரில் வந்து சேர்பவைதாம் அதைக் கெடுக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன?

இதற்கு அழகான விடை ஒன்று கல்கத்தாவில் கிடைத்தது. அங்குள்ள குடிசைப் பகுதிகளில் காலரா கண்ட வீடுகளில் 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவுகள் 1986-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. சில வீடுகளில் குடிநீரில் குளோரின் கலந்தார்கள். வேறு சில வீடுகளுக்கு மருந்து எதுவும் தரவில்லை. 'சொராய்' என்னும் குறுகிய கழுத்துடைய மண் கூஜாவை மட்டும் கொடுத்தார்கள். மற்ற வீடுகள் வழக்கம்போல் இருந்தன. வழக்கம்போல் இருந்த வீடுகளில், நோயாளியுடன் வசித்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்குக் காலராக் கிருமி தொற்றியது. குளோரின் கலந்த வீடுகளில் இது 6 அளவுக்குக் குறைந்தது. வெறும் கூஜா பெற்ற வீடுகளில் 4-க்குச் சற்று மேல்!

மண்ணில் மருந்து ஏதும் இல்லை. கூஜாவின் கழுத்தில் கை நுழையாது, அவ்வளவுதான். நீரைச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் சொம்பை விட்டு மொள்ளும்போது, சொம்போடு நான்கு விரல்களும் நீரில் நனைகின்றன. நோயாளியைக் கவனித்த கையாக அது இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, சேமிப்புக்கு அண்டாவும் தவலையும் ஏற்றவை அல்ல. குறுகிய வாயும் இறுக்கமான மூடியும் உள்ள கேன் நல்லது. அடியில் குழாய் வைத்த பாத்திரம் அதனினும் நல்லது. அகன்ற பாத்திரந்தான் உண்டு என்றால், நீண்ட கைப்பிடியுள்ள அகப்பை ஒன்றை அதற்கென்றே தனியாக மாட்டி வையுங்கள். நெசவும் சாயமும் மிகுந்த எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை: சாயமோ அமிலமோ இருந்த பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு சிறிது சிறிதாக நீரில் விடும். எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

மண்பானை கூடாதா என்று கேட்பீர்கள். கோடையில் அன்றன்று குடிப்பதற்கு அதைப்போல் வேறில்லை. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பானை நீரிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் குளிர்ந்த நீர் தூய நீர் ஆகிவிடாது. மேலும், கசியும் பாத்திரம் கையிருப்புக்கு எப்படிப் பொருந்தும்?

குழாய் நீரில் நமக்கு ஒரு காவலாளி உண்டு. அது குளோரின். வழங்கும் இடத்தில் கலந்த குளோரினில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆனால் இக்காவலாளி நிரந்தரமானவன் அல்லன். நீரிலுள்ள அழுக்குடன் வினைபுரிந்து தீர்ந்துபோவான். வெயில் பட்டால் இன்னும் விரைவில் மறைவான். காவலாளி போன பின் ஒளியும் படுமானால் பாசி பிடிக்கும். எனவே கேனை இருட்டான, வெப்பம் குறைந்த மூலையில் வையுங்கள்.

காவலாளியை நாமே மீண்டும் அமர்த்தலாம். கடைகளில் கிடைக்கும் குளோரின் மாத்திரைகளில் அரை கிராம் மாத்திரை ஒன்று, தெளிந்த நீர் 20 லிட்டருக்குப் போதும். உறையில் உள்ள அளவைப் பார்த்துக்கொண்டு, மாத்திரையைப் பொடித்துக் கலக்கி, அரை மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். "வெளுப்புத்தூள் போடக்கூடாதா?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கணக்குப் போடச் சொன்னேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வீதம் 20 லிட்டருக்கு 40 மில்லிகிராம் வேண்டும். புதிய தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் குளோரின். ஆக, 120 மில்லிகிராம் தூள். எந்த வீட்டுத் தராசு இதை நிறுக்கும்? அதுவும் திறந்து வைத்த பழைய தூளில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறதென்று யார் கண்டார்கள்? மாத்திரையே மேல்.

கொதிக்க வைப்பது அதைவிட எளிது. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் போதும். பாதியாகச் சுண்டும்வரை எரிபொருளை வீணாக்க வேண்டாம். உதகமண்டலத்து வாசகர்கள் மட்டும் மூன்று நிமிடம் வைத்துக்கொள்க. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால், 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நீர் கொதித்துவிடுகிறது. கொதித்த நீரில் ஒரு குறை உண்டு: அதில் காவலாளி இல்லை. ஆற வைத்து, கழுவாத குடத்தில் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

கலங்கிய நீராயின் முதலில் தெளிய விட்டு வடிகட்டுங்கள். கலங்கல் குளோரினைத் தின்றுவிடும். வங்கதேசத்தில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து நீரை வடிகட்டச் சொன்னபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. காலராக் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மிதவை உயிரிகள் துணியில் சிக்கிவிடுகின்றன. புதுச் சேலையைவிடப் பழையதே சிறந்தது. துவைக்கத் துவைக்க இழை பிரிந்து துளைகள் சிறுத்துவிடுகின்றன. காஞ்சிபுரத்துப் பட்டைக் கிழிக்க வேண்டாம்! ஆயினும் தனித்த கிருமிகள் துணியினூடே சென்றுவிடும். வடித்தபின் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோதான் குடிக்க வேண்டும்.

எவ்வளவு சேமிப்பது? ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லிட்டர், சமைக்கவும் வாய் கொப்பளிக்கவும் 4 லிட்டர் எனக் கொள்வோம். நால்வர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 84 லிட்டர். இருபது லிட்டர் கேன்கள் நான்கும் ஒரு சிறு குடமும். குளிக்கவும் துவைக்கவும் இதில் இடமில்லை. 84 லிட்டர் என்பது 84 கிலோகிராம், ஒரு வளர்ந்த ஆளின் எடைக்கும் மேல். ஆகவே பரணில் ஏற்றாமல் தரையிலேயே வையுங்கள்.

கேனின் மேல் நிரப்பிய தேதியைச் சாக்குக்கட்டியால் எழுதி, வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். பழைய நீரை வீணாக்க வேண்டாம். செடிக்கு ஊற்றலாம், பாத்திரம் துலக்கலாம். வாரக் கணக்கு ஏனென்றால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஏழெட்டு நாட்களே எடுத்துக்கொள்கிறது. அது முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். நீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடாது. காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆதலால் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேங்காய் நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே மீண்டும் நிரப்புங்கள்.